மறியல் என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முதிய ஆசிரியர் ஒருவர் என் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போலவே பணி ஓய்வு பெற்றவர், தமிழில் தோய்ந்தவர். குடும்ப நலம் பற்றிய பேச்சு வந்தபோது, “எங்கள் தம்பியார் ஆறு மாதம் மறியலில் இருந்தவர்” என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. ஒருவர் ஆறு மாதம் இடைவிடாது மறியல் செய்ய இயலுமா? “எந்தச் சாலையில் மறியல் செய்தார், மாஸ்டர்? கோரிக்கை என்ன?” என்று கேட்டுவிட்டேன். அவர் சற்றுத் திகைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “ஐயா, எங்கள் ஊரில் மறியல் செய்வதில்லை, மறியலில் வைப்பார்கள்” என்றார்.

அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. தமிழ்நாட்டில் மறியல் என்றால், மக்கள் கூடிச் சாலையையோ கடை வாயிலையோ அலுவலகத்தையோ மறித்து நிற்பது. ஈழத்தில் மறியல் என்றால், அதிகாரத்தில் உள்ளோர் ஒரு மனிதனை மறித்து வைப்பது, அதாவது சிறைக்காவல். ஒரே சொல் பாக் நீரிணையின் இக்கரையில் ஒரு பொருளும் அக்கரையில் அதற்கு நேர் எதிரான பொருளும் தந்து நிற்கின்றது. நேயர்களே, இச்சொல்லின் பிறப்பையும் வளர்ப்பையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பது முடிவில் தெரியவரும்.

மறியல் என்பதன் பகுதி மறி என்னும் வினை. ஆட்டுக்குட்டிக்கும் மான்கன்றுக்கும் மறி என்று ஒரு பெயர் உண்டு. தொல்காப்பிய மரபியல் அதனை இளமைப் பெயர்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. அது வேறு சொல். இரண்டையும் ஒன்றாக்கி மயங்குதல் வேண்டா. நாம் எடுத்துக்கொண்ட மறி என்னும் வினைக்குத் திரும்புதல், திருப்புதல், தடுத்தல் என்பன பொருள். கரையில் மோதித் திரும்பும் அலையை மறிதிரை என்றனர் புலவர். மீண்டும் என்று நாம் சொல்லுமிடத்து, மறித்தும் என்று முன்னோர் எழுதினர். மலையாளத்தில் ‘மறிச்சு’ என்றால் அதற்கு மாறாக என்று பொருள். அங்கும் திரும்புதல் என்னும் கருத்தே அடிப்படை.

உழவர் வாழ்விலும் இச்சொல் உண்டு. அறுவடைக்குப் பின் வயலுக்கு உரம் சேரும் பொருட்டு ஆட்டு மந்தையை இரவில் ஓரிடத்தில் தங்க வைப்பார்கள். அதனைக் கிடை மறித்தல் என்பர். ஆடு எந்தத் தவறும் செய்யவில்லை. அதனை யாரும் தண்டிக்கவும் இல்லை. விடியும்வரை அவ்விடத்தை விட்டுப் போகாதபடி மறித்திருக்கிறார்கள், அவ்வளவே. விடிந்தால் கிடை கலையும். மந்தை மேய்ச்சலுக்குப் போகும். மறித்தல் என்னும் சொல்லின் உள்ளியல்பு இந்தக் காட்சியில் முழுமையாக அடங்கியிருக்கிறது. தடுத்தல் உண்டு, ஒறுத்தல் இல்லை. தடுத்தலுக்கு ஓர் எல்லையும் உண்டு.

இனி, இலக்கணத்தைச் சிறிது பார்ப்போம். மறி என்னும் பகுதியோடு ‘அல்’ என்னும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்து மறியல் ஆயிற்று. குவி என்பதிலிருந்து குவியலும் அவி என்பதிலிருந்து அவியலும் பிறந்தவாறே இதுவும் பிறந்தது. தொழிற்பெயருக்கு ஓர் இயல்பு உண்டு. அது தொழிலைச் சொல்லும். அத்தொழிலைச் செய்தவன் யார், செய்யப்பட்டவன் யார் என்பதைத் தன்னளவில் சொல்லாது. ‘அடியால் அழுதான்’ என்றால் அடித்தவன் அழுதானா, அடிபட்டவன் அழுதானா என்பதை இடம்நோக்கித்தான் அறிய வேண்டும். அதுபோலவே, மறியல் என்னும் பெயருக்குள் மறிப்பவனும் இருக்கலாம், மறிக்கப்படுபவனும் இருக்கலாம். இரு கரைகளிலும் இச்சொல் இரு திசை நோக்கிச் சென்றதற்கு இலக்கணம் முன்னமே வழி திறந்து வைத்திருந்தது.

ஒருவனை மறித்து வைத்தல் என்பது நம் நாட்டில் எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு அயல்நாட்டார் ஒருவரின் குறிப்புச் சான்றாக உள்ளது. வெனிசு நகரத்து வணிகரான மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியர் ஆட்சி நிலவிய தமிழகக் கடற்கரைக்கு வந்தார். அந்நாட்டை அவர் மாபார் என்று குறிக்கிறார். அங்கே கடன் வாங்கிய ஒருவன் பலமுறை கேட்டும் கொடாது நாள் கடத்தினால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவானாம். கடனைத் தீர்க்கும்வரை, அல்லது தக்க ஈடு தரும்வரை, அவன் அவ்வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது பெருங்குற்றம். அரசனே ஒருமுறை அயல்நாட்டு வணிகனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாமல் காலம் தாழ்த்த, அவ்வணிகன் குதிரைமேல் இருந்த அரசனைச் சுற்றி வட்டம் இட்டான் என்றும், கடன் தீர்க்கப்படும்வரை அரசன் குதிரையை நகர்த்தாமல் நின்றான் என்றும், அதனைத் தாம் நேரில் கண்டதாகவும் மார்க்கோ போலோ எழுதியுள்ளார்.

சுவர் இல்லை, கம்பி இல்லை, விலங்கும் இல்லை. தரையில் ஒரு கோடு மட்டுமே. மறித்தல் என்பதன் உருவத்தை இதைவிடத் தெளிவாக வரைந்து காட்ட இயலாது. ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும்வரை ஒருவனை ஓரிடத்தில் நிறுத்துதல். விடை கிடைத்ததும் வட்டத்தை அழித்தல். இதுவே பழைய கருத்து.

தமிழ்நாட்டில் இச்சொல்லின் திசை மாறியது விடுதலைப் போராட்டக் காலத்தில். 1921ஆம் ஆண்டில் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் ஈ. வெ. ரா. அதனை முன்னின்று நடத்தினார். அவருடைய மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் வீட்டை விட்டு வெளிவந்து மறியலில் ஈடுபட்டனர். 1930ஆம் ஆண்டில் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியபொழுது, கள்ளுக்கடைகளின் முன்னும் அயல்நாட்டுத் துணிக்கடைகளின் முன்னும் மறியல் செய்யும் பணியைப் பெண்கள் ஏற்க வேண்டும் என்று காந்தியடிகள் அழைத்தார். நாள்தோறும் மறியல் செய்தி வெளிவந்தது. அதுவரை அதிகாரம் மக்களை மறித்தது. இப்பொழுது மக்கள் அதிகாரத்தை மறித்தனர். மறியல் செய்தவர்களை அரசாங்கம் பிடித்துச் சிறையில் அடைத்தது. யாழ்ப்பாணத்து வழக்கில் சொல்வதானால், மறியல் செய்தவர்கள் மறியலுக்குப் போனார்கள்! புதிய பொருள் வீறுபெற்றது; பழைய பொருள் இங்கே மெல்ல மறைந்தது. சாலை மறியல், இரயில் மறியல் என இன்றும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஈழத்திலோ பழைய பொருள் மாயவில்லை. அங்கே இன்றும் செய்தித்தாளைப் பிரித்தால், இன்னாரை இத்தனை நாள் விளக்கமறியலில் வைக்க நீதவான் உத்தரவிட்டார் என்னும் செய்தியைக் காணலாம். முதன்முதல் அதனைப் படிக்கும் தமிழ்நாட்டார், எதையோ விளக்கிச் சொல்லும் மறியல் போலும் என்று எண்ணக் கூடும். ஈழத்து நீதிமன்ற வழக்கில் விளக்கம் என்பது வழக்கு விசாரணையைக் குறிக்கும். இருள் நீங்கி உண்மை துலங்கும்படி ஒரு வழக்கை ஆராய்வது விளக்கம். அந்த விளக்கத்தை எதிர்நோக்கி ஒருவரைத் தடுத்து வைப்பது விளக்கமறியல். நாம் ரிமாண்டு என்றும் நீதிமன்றக் காவல் என்றும் சொல்கிறோமே, அதுவே.

ரிமாண்டு என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன் மொழி. திருப்பி அனுப்புதல் என்பது அதன் முதற்பொருள். நம்முடைய மறி என்பதற்கும் திருப்புதலே முதற்பொருள் என்பதை முன்னரே கண்டோம். இரு சொற்களுக்கும் உறவு ஏதும் இல்லை. ஆயினும், தொலைவில் உள்ள இரு மொழிகள் ஒரே செயலை ஒரே கண்கொண்டு பார்த்திருக்கின்றன. “இவன் வழக்கு இன்னும் முடியவில்லை, இப்போதைக்குத் திருப்பி அனுப்பு” என்பதே இரண்டின் கருத்தும். இவன் குற்றவாளி என்று இரண்டும் சொல்லவில்லை.

மற்றைச் சொற்களையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். சிறை என்னும் சொல் மிகப் பழமையானது. பறவையின் சிறகும் சிறை, நீரைத் தடுக்கும் கரையும் சிறை, அரணும் சிறை. திருக்குறளில் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அரண் என்னும் பொருளிலேயே அச்சொல்லை ஆள்கிறார். மலையாளத்தில் சிற என்றால் அணைகரை அல்லது குளம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே சிறயின்கீழ் என ஓர் ஊரே உண்டு. தெலுங்கில் செரசால என்றும் கன்னடத்தில் செரெமனெ என்றும் சிறைச்சாலையைக் குறிப்பர். எங்கும் தடுத்தல், காத்தல் என்பனவே அடிப்படை. காவல் என்பதோ வெளிப்படையாகவே காத்தல். கைதி என்பது கட்டு, தளை எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஜெயில் என்பதன் வேரைத் தேடிச் சென்றால், கூண்டு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லில் போய் நிற்கும்.

கரை, காவல், கட்டு, கூண்டு, மறியல். இவற்றுள் எதிலேனும் தண்டனை என்னும் கருத்து இருக்கிறதா? இல்லை. தண்டனையைக் குறிக்க ஒறுத்தல் என்று தனிச்சொல் தமிழில் உண்டு. பிடித்து வைத்தல் வேறு, ஒறுத்தல் வேறு என்பதை மொழி நன்கு அறிந்திருந்தது. மொழி அறிந்திருந்ததை நாம் மறந்துவிட்டோம்.

இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பதைத் தமிழர்க்கு எடுத்துக்காட்டச் சிலப்பதிகாரம் ஒன்றே போதும். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் நெடுஞ்செழியன், சிலம்பு கோவலன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு பணித்துவிட்டான். சென்ற காவலருள் சிலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று ஐயுற்றனர். ஆனால் அவர்களோடு சென்ற கல்லாக் குடியன் ஒருவன் வாளை ஓச்சிவிட்டான். பிறகு கண்ணகி வந்தாள்; சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உண்மை விளங்க எவ்வளவு நேரம் ஆயிற்று? சிலம்பு தரையில் விழும் நேரம் மட்டுமே! “அவனை மறித்து வையுங்கள், நாளை விளங்குவோம்” என்று அரசன் ஒரு சொல் சொல்லியிருந்தால், கோவலன் பிழைத்திருப்பான், பாண்டியனும் பிழைத்திருப்பான், மதுரையும் பிழைத்திருக்கும். நேர்மையான மறியல், மறிக்கப்பட்டவனுக்கும் அரண் ஆகும். சிறை என்பதற்கு அரண் என்று பொருள் இருந்தது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் விளக்கம் வராத மறியல் எத்தகையது? விடியாத இரவில் கிடையில் நிற்கும் மந்தையின் நிலை அது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, 100 பேரில் ஏறத்தாழ 76 பேர் மீது அதுவரை குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. அவர்களுள் குற்றம் செய்தவரும் இருப்பர், செய்யாதவரும் இருப்பர். யார் எவர் என்பது விளக்கம் முடிந்த பின்னரே தெரியும்.

சட்டம் இதனை அறியாதது அன்று. கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று நம் அரசமைப்பின் 22ஆம் உறுப்பு விதிக்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, விசாரணைக் கைதியாக நெடுங்காலம் இருப்போர்க்கு ஒரு வரம்பு கட்டுகிறது. முன்பு எக்குற்றத்திற்கும் தண்டனை பெறாதவர், சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கையும், ஏனையோர் பாதியையும் விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்டால், அவர்களைப் பிணையில் விடுவதற்கு அது வழி செய்கிறது. மரணத் தண்டனையோ வாழ்நாள் சிறையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்க்கும் தடை உண்டு. மார்க்கோ போலோ கண்ட வட்டத்தை உரிய காலத்தில் அழிக்க வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து.

சட்டம் ஒருவாறு நினைவில் வைத்திருப்பதை, ஊர் நினைவில் வைத்திருப்பதில்லை. ஊர் என்று பொதுவாகச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாகாது. என் பிழையையே சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் படித்தான். கணக்கில் கெட்டிக்காரன். அவன் தந்தை ஒரு திருட்டு வழக்கில் பிடிபட்டுப் பல மாதங்கள் காவலில் இருந்தார். பிணைக்குக் கையெழுத்திட ஆள் இல்லை. மற்றப் பிள்ளைகள் அவனைக் கண்டால், “களி எப்படி இருக்கிறதாம்?” என்று கேலி செய்தனர். இச்செய்தி என் காதுக்கு எட்டியது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லா மாணவரையும் நிறுத்திக் கடுமையாகக் கண்டித்தேன். “தந்தை செய்த குற்றத்திற்கு மகன் என்ன செய்வான்? இனி எவனேனும் இதுபற்றி வாய் திறந்தால் பொறுக்க மாட்டேன்” என்றேன். அன்று மாலை, நல்லதொரு கடமையைச் செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் முதல் அம்மாணவன் பள்ளிக்கு வரவில்லை. ஆள் அனுப்பியும் பயன் இல்லை. சில மாதங்கள் கழித்து அவன் தந்தை மாற்றுச் சான்றிதழ் கேட்டு என் அறைக்கு வந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்திருந்தது. நாற்காலியில் அமரச் சொன்னேன், அமரவில்லை. சான்றிதழை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஐயா, கோர்ட்டார் நான் குற்றம் செய்ததாகச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதாகத்தான் பையன் சொன்னான்.”

நேயர்களே, மாணவர்கள் கேலி செய்ததைக் காட்டிலும் நான் காப்பாற்றப் புகுந்ததே அச்சிறுவனை அதிகம் புண்படுத்தியிருக்கிறது. அவர்கள் அவன் தந்தை இருக்கும் இடத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். நானோ பள்ளி முழுவதும் கேட்க அவருக்குத் தீர்ப்பே வழங்கிவிட்டேன். நெடுஞ்செழியன் செய்த பிழையை விரிவாகப் பாடம் நடத்திய வாயாலேயே அதனைச் செய்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை ஐயா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சிறுவன் மீண்டும் அப்பள்ளிக்கு வரவில்லை.

திண்ணையில் அந்த யாழ்ப்பாணத்து நண்பர் மறியல் என்னும் சொல்லைச் சொன்னபோது, இந்த நினைவே என் நெஞ்சில் எழுந்தது. “தம்பியார் என்ன ஆனார்?” என்று கேட்டேன். “விளக்கம் முடிந்தது; விட்டுவிட்டார்கள். மறியலில் இருந்தவரே ஒழிய, குற்றவாளி அல்லர்” என்றார். எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட்டார்! அச்சொல் அன்று என்னிடம் இருந்திருந்தால், வழிபாட்டுக் கூட்டத்தில் நான் வேறு விதமாகப் பேசியிருக்கக் கூடும். “அவன் தந்தையாரை மறித்து வைத்திருக்கிறார்கள், வழக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கும்வரை நீங்களும் பேசாதீர்கள், நானும் பேசமாட்டேன்” என்று சொல்லியிருப்பேன்.

சொல் இல்லாததனால் அறிவு இல்லாமற் போயிற்று என்று சொல்லி என் பிழையைச் சொல்லின்மேல் ஏற்ற மாட்டேன். விசாரணைக் கைதி என்னும் தொடர் நம்மிடமும் இருக்கத்தான் செய்கிறது. அதில் விசாரணை என்னும் முதற்பகுதியை நாம் கேட்பதே இல்லை, கைதி என்பது மட்டுமே காதில் விழுகிறது. அக்கரையிலிருந்து வந்த பழஞ்சொல் ஒன்று அந்த முதற்பகுதியை எனக்குக் கேட்கச் செய்தது.

உங்கள் தெருவிலும் ஒருநாள் காவலர் வண்டி வந்து ஒருவரை ஏற்றிச் செல்லக் கூடும். மறுநாள் அவருடைய பிள்ளை புத்தகப் பையோடு உங்கள் வாயிலைக் கடந்து பள்ளிக்குப் போகும். அப்பொழுது நீங்கள் சொல்லப்போகும் சொல் எது என்பதை இன்றே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நான் எண்ணி வைத்திருக்கவில்லை.